ஒரே ரத்தம், இரண்டு கணக்கு: டாக்டர் சாலமன் பெர்சன்

மலருக்குக் கட்டுரை என்றதும் ஹாஸ்டல் மெஸ், கேன்டீன் டீ, கட் அடித்த வகுப்பு என்று சுவையாக எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். அதை அவர்களிடமே விட்டுவிட்டு நான் ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். நம் கல்லூரிக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நியூயார்க்கில் பிறந்து, பெரும்பாலும் நியூயார்க்கிலேயே வேலை பார்த்து, 1972-ல் காலமான ஒரு டாக்டர். பெயர் சாலமன் ஆரன் பெர்சன். இருந்தாலும், மீட்டரையும் ரீடிங்கையும் நம்பிப் பிழைப்பு நடத்துகிற நம்மைப் போன்ற இன்ஜினியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

ஒரே சர்க்யூட்டில் இரண்டு மீட்டரை மாட்டி இரண்டு வேறு ரீடிங் வந்தால் பொதுவாக என்ன செய்வார்கள்? ஒன்று ரிப்பேர் என்று எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். காரியம் முடிந்தது. பெர்சன் அப்படி வைக்கவில்லை. இரண்டு மீட்டருமே சரியாக இருந்தால் என்ன அர்த்தம் என்று யோசித்தார். அந்த யோசனையால்தான் நம் ரத்தத்தில் ஓடும் ஹார்மோன்களைப் பற்றிய ஒரு பெரிய உண்மை வெளியே வந்தது.

இருபத்தொரு கதவுகள்

பெர்சன் பிறந்தது 1918 ஏப்ரல் 22. அப்பா ரஷ்யாவிலிருந்து குடியேறியவர். ரோமத்தோலுக்குச் சாயம் ஏற்றும் தொழில் நடத்தினார். பையன் படிப்பில் கெட்டி. வயலின் நன்றாக வாசிப்பார், செஸ்ஸிலும் பலே ஆள். 1938-ல் நியூயார்க் சிட்டி காலேஜில் பட்டம் வாங்கினார். டாக்டராக வேண்டும் என்பது ஆசை. விண்ணப்பம் போட்டார். ஒன்றல்ல, இரண்டல்ல, இருபத்தொரு மருத்துவக் கல்லூரிகள் இடமில்லை என்று சொல்லிவிட்டன. அந்தக் காலத்து அமெரிக்காவில் யூத மாணவர்களுக்குப் பல மருத்துவக் கல்லூரிகள் அளந்து அளந்துதான் இடம் கொடுத்தன என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மனுஷர் சோர்ந்துபோகவில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1939-ல் எம்.எஸ்ஸி. முடித்தார். அங்கேயே பல் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக் கொடுத்தார். 1941-ல் அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி கதவைத் திறந்தது. 1945-ல் எம்.டி. இடையே 1942-ல் திருமணம். பின்னால் இரண்டு பெண் குழந்தைகள். பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஒரு வருடப் பயிற்சி, ராணுவத்தில் இரண்டு வருட சேவை. அதற்குப் பிறகு 1948-ல் நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியில் இருக்கிற முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்.

டாக்டரும் பிசிக்ஸ்காரரும்

அந்த மருத்துவமனையில் ரோசலின் யாலோ அம்மையார் ஏற்கெனவே கதிரியக்க ஐசோடோப்புகளை வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அணு இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியில் அவர் 1941-ல் சேர்ந்தபோது, ஆசிரியர்களும் உதவி ஆசிரியர்களுமாக இருந்த சுமார் 400 பேரில் அவர் ஒருவர்தான் பெண். பிராங்க்ஸில் அவருக்குக் கிடைத்த லேப், துடைப்பமும் வாளியும் வைக்கிற ஒரு சிறு அறை. கருவிகளில் பலவற்றை அவரே வடிவமைத்துச் செய்துகொண்டார். நம் ஆள் என்று நாம் சொந்தம் கொண்டாடலாம்!

1950-ல் பெர்சன் அவரோடு சேர்ந்தார். பெர்சனுக்கு மருத்துவமும் உடலியலும் தெரியும். யாலோவுக்கு பிசிக்ஸும் கணிதமும் தெரியும். இரண்டு பேருக்குமே ஆராய்ச்சியில் வழிகாட்டி என்று தனியாக யாரும் கிடையாது. ஒருவருக்கு மற்றவரே வாத்தியார். கட்டுரைகளில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்பதை முறைவைத்து மாற்றிக்கொண்டார்கள். இந்தக் கூட்டு இருபத்திரண்டு வருடம் நீடித்தது.

முதலில் உடம்பில் மொத்த ரத்தம் எவ்வளவு, தைராய்டு சுரப்பி அயோடினை எந்த வேகத்தில் எடுத்துக்கொள்கிறது என்பன போன்ற கணக்குகளைப் போட்டார்கள். அடுத்து இன்சுலினுக்கு வந்தார்கள். இன்சுலின் என்பது 51 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு புரதம். இப்படிப்பட்ட சங்கிலி ஹார்மோன்களைத்தான் பெப்டைடு ஹார்மோன் என்கிறோம்.

தலைப்பை மாற்றினால்தான் அச்சேறும்

வயதான பிறகு வரும் சர்க்கரை நோயில், உடம்பில் ஏதோ ஒன்று இன்சுலினைச் சீக்கிரமாகச் சிதைத்துவிடுகிறது என்று அப்போது ஒரு கருத்து உலவியது. சரி, பார்த்துவிடலாம் என்று இருவரும் இன்சுலினில் கதிரியக்க அயோடினை ஒட்டி, ஊசி மூலம் செலுத்தி, ரத்தத்தில் அது எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கவுண்டரில் எண்ணினார்கள். கிடைத்தது நேர்மாறான விடை. ஏற்கெனவே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் ரத்தத்தில் அது சீக்கிரம் மறையவில்லை. அதிக நேரம் தங்கியது. சர்க்கரை நோயே இல்லாமல், மனநோய்க்காக அந்தக் காலத்தில் இன்சுலின் அதிர்ச்சி சிகிச்சை பெற்றவர்களிடமும் இதே கதைதான்.

ஊசியில் வரும் மாட்டு இன்சுலினையும் பன்றி இன்சுலினையும் அந்நியப் பொருளாகக் கண்டு உடம்பு எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது, அந்த எதிர்ப்பொருள் இன்சுலினைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால்தான் இந்தத் தாமதம் என்று பெர்சனும் யாலோவும் முடிவுக்கு வந்தார்கள். ஆனால் இவ்வளவு சிறிய புரதத்துக்கு எதிர்ப்பொருள் உண்டாகாது என்பது அன்றைய பெரியவர்களின் நம்பிக்கை. முதலில் அனுப்பிய அறிவியல் பத்திரிகை கட்டுரையைத் திருப்பியனுப்பியது. அடுத்த பத்திரிகையும் 1955-ல் மறுத்தது. கடைசியில் தலைப்பிலிருந்து இன்சுலின் எதிர்ப்பொருள் என்ற சொல்லை எடுத்துவிட்டு, இன்சுலினைப் பிடிக்கும் குளோபுலின் என்று போட்டுக்கொண்ட பிறகு 1956-ல் அச்சேறியது. விஷயம் அதேதான், பெயர்தான் வேறே.

சிவப்புத் தொப்பிக் கணக்கு

அடுத்த படிதான் மகா சாமர்த்தியம். எதிர்ப்பொருள் இன்சுலினைப் பிடிக்கிறது என்றால், அந்தப் பிடியையே அளவுகோலாக்கினால் என்ன?

ரயிலில் ஒரு பொதுப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 100 இருக்கை. பிளாட்பாரத்தில் சிவப்புத் தொப்பி போட்ட 100 பேர். வேறு யாருமில்லை என்றால் 100 இருக்கையிலும் சிவப்புத் தொப்பி. தொப்பியில்லாத 100 பேரும் சேர்ந்து முண்டியடித்தால் உட்கார்ந்தவர்களில் சிவப்புத் தொப்பி சுமார் 50. தொப்பியில்லாதவர்கள் 300 என்றால் 25. ஆக, பெட்டிக்குள் சிவப்புத் தொப்பியை மட்டும் எண்ணினால் போதும். தொப்பியில்லாத கூட்டம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். இருக்கை என்பது எதிர்ப்பொருள். சிவப்புத் தொப்பி கதிரியக்க இன்சுலின். தொப்பியில்லாதவர்கள் நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் சொந்த இன்சுலின். தெரிந்த அளவுகளை வைத்து முதலிலேயே ஒரு கர்வ் வரைந்துகொண்டால், தெரியாத அளவை அதிலிருந்து படித்துக்கொள்ளலாம்.

இந்த முறைக்கு ரேடியோ இம்யூனோ அஸே என்று பெயர். 1959-ல் சுருக்கமாகவும் 1960-ல் விரிவாகவும் வெளியிட்டார்கள். எவ்வளவு நுட்பம் தெரியுமா? வெறும் வயிற்றில் ஒரு மில்லிலிட்டர் ரத்த நீரில் இருக்கும் இன்சுலின் சுமார் 0.4 நானோகிராம். ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கும் மேல்நிலைத் தொட்டிகள் இருபத்தைந்தில் ஒரே ஒரு கிராம் கரைந்த மாதிரி. அதை ஒரு சில சொட்டு ரத்தத்தில் அளந்தார்கள். வயதான பிறகு சர்க்கரை நோய் வந்தவர்களில் பலருக்கு இன்சுலின் இல்லாமல் போகவில்லை, குளுக்கோஸ் குடித்த பிறகு சாதாரண ஆட்களைவிடக் கூடுதலாகவே சுரக்கிறது, ஆனால் தாமதமாகச் சுரக்கிறது, உடம்பு அதற்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை என்பதெல்லாம் இதனால் தெரிந்தது.

இந்த முறைக்கு அவர்கள் பேட்டன்ட் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கோடீஸ்வரர்கள். வந்தவர்களுக்கெல்லாம் லேபில் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்கள்.

இரண்டு மீட்டரும் சரி

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். இன்சுலினுக்கு அடுத்து, கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோனை எடுத்துக்கொண்டார்கள். சுருக்கமாக பி.டி.ஹெச். ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அதனுடையது. 1963-ல் வேறு இரண்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து இதற்கும் அளவு முறை கண்டாயிற்று.

ஆனால் கணக்கு இடித்தது. ஒரே ரத்த மாதிரி. ஒரு விலங்கிலிருந்து எடுத்த எதிர்ப்பொருளை வைத்து அளந்தால் ஓர் எண். வேறொரு விலங்கிலிருந்து எடுத்ததை வைத்து அளந்தால் வேறு எண். சுரப்பியை ஆபரேஷன் செய்து எடுத்த பிறகு ஹார்மோன் குறைகிற வேகத்தைப் பார்த்தால், அதுவும் எந்த எதிர்ப்பொருளால் அளந்தோம் என்பதைப் பொறுத்து மாறியது. சிறுநீரகம் கெட்டவர்களிடம் இன்னும் மெதுவாகக் குறைந்தது.

சாதாரண ஆளாக இருந்தால் ஒரு பாட்டிலைக் குப்பையில் போட்டிருப்பார். பெர்சனும் யாலோவும் 1968-ல் வெளியிட்ட கட்டுரையில் துணிந்து ஒன்று சொன்னார்கள். எதிர்ப்பொருளில் கோளாறு இல்லை. ரத்தத்தில் ஓடும் பி.டி.ஹெச். ஒரே உருவில் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட உருவங்களில் ஓடுகிறது.

மறுபடியும் ரயிலுக்கே வருவோம். பி.டி.ஹெச். என்பது 84 பெட்டி கோத்த ஒரு நீள ரயில். வேலை செய்கிற சக்தி முன்பக்கத்துப் பெட்டிகளில் இருக்கிறது. எதிர்ப்பொருள் முழு ரயிலையும் பார்ப்பதில்லை. ஏதாவது ஒரு பகுதியை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும். ஓர் எதிர்ப்பொருள் என்ஜினை எண்ணுகிற ஆள், இன்னொன்று கார்டு பெட்டியை எண்ணுகிற ஆள் என்று வையுங்கள். எல்லா ரயிலும் முழுசாக ஓடினால் இரண்டு பேர் கணக்கும் ஒன்றாக இருக்கும். ஆனால் ரயில்கள் வழியிலேயே உடைந்து, என்ஜின் பக்கம் சில நிமிடங்களில் மறைந்து, வால்பக்கத் துண்டுகள் மட்டும் யார்டில் தேங்கி நின்றால்? கார்டு பெட்டியை எண்ணுகிறவர் நிறைய ரயில் இருப்பதாகச் சொல்வார். என்ஜினை எண்ணுகிறவர் குறைவு என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. வால்துண்டுகளை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகம். அது கெட்டுப்போனால் யார்டு நிரம்பி வழியும். பின்னால் வந்த ஆண்டுகளில் பல ஆராய்ச்சியாளர்கள் இந்தத் துண்டுகளைத் தனித்தனியாகவே அடையாளம் கண்டார்கள்.

பெரிசும் சிறிசும்

இது பி.டி.ஹெச்.சோடு நின்றுவிடவில்லை. வயிற்றில் அமிலம் சுரக்கச் செய்யும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை இங்கிலாந்தில் கிரிகரியும் டிரேசியும் 1964-ல் பிரித்தெடுத்திருந்தார்கள். அது 17 அமினோ அமிலங்கள் கொண்டது. பெர்சனும் யாலோவும் நோயாளிகளின் ரத்த நீரை ஒரு ஜெல் நிரப்பிய நீளக் குழாயில் ஊற்றி, சொட்டுச் சொட்டாக வெளியே வருவதைத் தனித்தனிக் குழாய்களில் பிடித்து, ஒவ்வொன்றையும் அளந்தார்கள். இந்தக் குழாயில் ஒரு வேடிக்கை உண்டு. சல்லடைக்கு நேர் எதிர். சின்ன மூலக்கூறுகள் ஜெல் மணிகளின் ஓட்டைக்குள்ளெல்லாம் நுழைந்து சுற்றிக்கொண்டு தாமதமாக வரும். பெரியவை உள்ளே நுழைய முடியாமல் நேராக இறங்கி முதலில் வந்துவிடும்.

ரத்தத்திலிருந்த காஸ்ட்ரினில் பெரும்பகுதி, எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே இறங்கியது. அதாவது பெரிய உரு. 1970-ல் இதை வெளியிட்டார்கள். பெரிய காஸ்ட்ரின் என்று பெயர் வந்தது. 34 அமினோ அமிலங்கள், சரியாக இரட்டிப்பு. அடுத்த ஆண்டே, அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஏ.சி.டி.ஹெச். ஹார்மோனுக்கும் ஒரு பெரிய உரு இருப்பதைக் காட்டினார்கள்.

இன்சுலினும் இப்படியே. சுரப்பி முதலில் ப்ரோ இன்சுலின் என்ற நீளச் சங்கிலியைச் செய்து, பிறகு வெட்டித்தான் இன்சுலின் ஆக்குகிறது என்று சிகாகோவில் டொனால்ட் ஸ்டைனர் 1967-ல் கண்டார். மறு வருடமே ரத்தத்திலும் அந்தப் பெரிய இன்சுலின் ஓடுகிறது என்று காட்டிய குழுவில் ஜெஸ்ஸி ராத் இருந்தார். அவர் பெர்சன்-யாலோ லேபில் பயிற்சி பெற்றவர். வாத்தியார் சொல்லிக் கொடுத்தது வீண் போகவில்லை.

ஆக, ரத்தத்தில் ஒரு பெப்டைடு ஹார்மோன் என்றால் அது ஒரே சரக்கு என்று நினைக்கக் கூடாது. வெட்டப்படாத முன்னோடி, வேலை செய்யும் உரு, வேலை முடிந்த துண்டு என்று ஒரு குடும்பமே ஓடிக்கொண்டிருக்கும். மீட்டர் எதைப் பிடிக்கிறதோ அதைத்தான் காட்டும்.

பெயர்ப் பலகை

1968-ல் நியூயார்க் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரி பெர்சனை மருத்துவத் துறைத் தலைவராக அழைத்தது. இருபத்தொரு கல்லூரிகள் மாணவனாகக்கூட எடுக்காத ஆள்! பெரிய பொறுப்பு, நிர்வாகத் தலைவலி. அப்படியும் யாலோவோடு சேர்ந்த ஆராய்ச்சியை விட்டுவிடவில்லை. 1971-ல் கனடாவின் கெய்ர்ட்னர் விருது இருவருக்கும் சேர்ந்து கிடைத்தது. அடுத்தது நோபல்தான் என்று பலரும் எதிர்பார்த்தார்கள்.

1972 ஏப்ரல் 11. அட்லான்டிக் சிட்டியில் ஒரு விஞ்ஞான மாநாட்டுக்குப் போன இடத்தில் மாரடைப்பு. 54-வது பிறந்தநாளுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது பெர்சன் போய்விட்டார்.

நோபல் பரிசை இறந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை. மூளை பெர்சனுடையது, யாலோ அம்மையார் கூட இருந்தவர்தானே என்று நினைத்தவர்களும் உண்டு. அம்மையார் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. தம் லேபுக்கு சாலமன் பெர்சன் ஆராய்ச்சிக்கூடம் என்று பெயர் வைக்கச் செய்தார். அங்கிருந்து போகிற ஒவ்வொரு கட்டுரையிலும் முகவரியாகவாவது அவர் பெயர் அச்சாகட்டும் என்பது எண்ணம். பிறகு வேலையைத் தொடர்ந்தார். 1977-ல் மருத்துவ நோபல் பரிசில் பாதி யாலோவுக்குக் கிடைத்தது. பெப்டைடு ஹார்மோன்களை அளக்கும் ரேடியோ இம்யூனோ அஸேக்காக. நோபல் உரையில், 1955-ல் வந்த மறுப்புக் கடிதத்தையும் சேர்த்தே உலகத்துக்குக் காட்டினார். 2011-ல் அவரும் காலமானார்.

நம் வீட்டு ரிப்போர்ட்

இதெல்லாம் பழைய கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். நம்மில் பலருடைய பெற்றோருக்கு இப்போது வயதாகிவிட்டது. சிறுநீரகக் கோளாறு, டயாலிசிஸ் என்று போகிறவர்களுக்கு பி.டி.ஹெச். டெஸ்ட் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டில் வரும் எண்ணுக்குப் பின்னால் பெர்சன் இருக்கிறார்.

வால்துண்டுகளை எண்ணிவிடும் தொல்லையைத் தவிர்க்க, 1987-ல் ரயிலின் இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் இரண்டு எதிர்ப்பொருளால் பிடிக்கும் முறை வந்தது. இரண்டும் இருந்தால்தான் கணக்கில் வரும். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தார்கள். 1998-ல் பார்த்தால், முன்பக்கத்துச் சில பெட்டிகள் மட்டும் கழன்றுபோன நீளத் துண்டுகளையும் அந்த முறை முழு ரயில் என்று எண்ணுவது தெரிந்தது. அதற்குப் பிறகு, முதல் பெட்டிகளையே குறிவைத்துப் பிடிக்கும் முறைகள் வந்தன. துண்டுகளை எடைபோட்டே இனம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் ஆராய்ச்சிக்கூடங்களில் வந்துவிட்டது. கதிரியக்கத்துக்குப் பதிலாக இப்போது பெரும்பாலான லேப்களில் ஒளி வீசும் ரசாயனம். அடிப்படை என்னவோ எதிர்ப்பொருளின் பிடிதான்.

இதனால் ஒரு லேபின் எண்ணும் இன்னொரு லேபின் எண்ணும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். சிறுநீரக நோய்க்கான சர்வதேச வழிகாட்டுதல் 2009-ல் வந்தபோது, டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இத்தனை பிக்கோகிராம் என்று சொல்லாமல், அந்தந்த டெஸ்ட் முறையின் இயல்பு உச்ச அளவைப்போல் இரண்டு முதல் ஒன்பது மடங்கு என்று சொன்னதற்கும் இதுவே காரணம். ஆகவே போன தடவை பார்த்த லேபிலேயே அடுத்த தடவையும் பார்ப்பது நல்லது. மாற்ற வேண்டி வந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். எண் திடீரென்று ஏறினால், ஏறியது ஹார்மோனா, மாறியது மீட்டரா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

இன்று கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. புராஜெக்ட் செய்யும்போது ஒத்துவராத ரீடிங் ஒன்று கட்டாயம் வரும். அதை அடித்துவிடாதீர்கள். தேதி போட்டு, எந்தக் கருவி என்று எழுதி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் கெட்டுப்போயிருக்கலாம்; பத்துக்கு ஒன்பது தடவை அதுவாகத்தான் இருக்கும். மீதி ஒரு தடவைக்காகத்தான் அந்தப் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது.